பிடரி முடி

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் பார்லர் வைத்திருந்த பரிமளாவுக்குத் தன் தலைமுடியால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. அது சாதாரணச் சுருட்டை இல்லை. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் போல ஒவ்வொரு முடியும் இறுகச் சுருண்டு, பக்கத்து முடியோடு பின்னிக்கொண்டு, தொட்டால் முரமுரவென்று இருக்கும். நனைத்தால் தோளுக்குக் கீழே வரும். காய்ந்தால் காதுக்கு மேலே ஏறிவிடும். அவள் அப்பா வழியில், அரும்பாவூர்ப் பக்கம், எல்லோருக்கும் அதே முடிதான். யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் அவர்களில் யாரும் பார்லர் வைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் ஒரு அம்மாவும் மகளும் படியேறி வந்தார்கள். மகளுக்கு முடியை நேராக்க வேண்டும், இங்கே நல்லா பண்ணுவாங்கன்னு சொன்னாங்க என்று உட்கார்ந்தார்கள். பரிமளா சீப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முடியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாவின் கண் பரிமளாவின் தலையிலேயே நின்றது.

"ஏம்மா, ஒனக்கே பண்ணிக்கலையா?"

"எனக்கு நானே பண்ணிக்க முடியாதுங்க. பின்பக்கம் கை எட்டாது, கண்ணும் எட்டாது."

"அது சரி," என்றாள் அந்த அம்மா. கொஞ்ச நேரம் கழித்து மகளின் கையைத் தட்டினாள். "கடைவீதி வரைக்கும் ஒரு வேலை இருக்கு. போயிட்டு வரோம்மா."

அவர்கள் திரும்பி வரவில்லை. வரமாட்டார்கள் என்று பரிமளாவுக்கும் தெரியும். இப்படிப் போனவர்கள் இவர்கள் மட்டுமில்லை.

அன்று சாப்பாட்டுக்கு வந்த கணவன் செந்தில்குமாரிடம் சொல்லிப் பொருமினாள். மக்காச்சோள லோடு ஏற்றி வந்த களைப்பில் அவன் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"கடைக்கு வரவங்க ஒன் தலையையா பாக்க வராங்க?"

"ஆமா. என் தலையத்தான் பாக்குறாங்க."

"நல்லாத்தானே இருக்கு."

"ஒங்களுக்கு நல்லா இருந்து என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு அவள் கீதாஞ்சலிக்குப் போன் போட்டாள்.

கீதாஞ்சலி அரியலூரில் பார்லர் வைத்திருந்தாள். இருவரும் திருச்சியில் ஒன்றாக அழகுக்கலை படித்தவர்கள், ஒரே அறையில் தங்கியவர்கள். கீதாஞ்சலிக்குக் கை வேகம். மற்றவர்கள் கிளிப் மாட்டி முடிப்பதற்குள் அவள் வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். "வாடி, ஒரு மதியத்துல முடிச்சு அனுப்புறேன்" என்றாள்.

பரிமளா கடையைப் பூட்டிவிட்டு அரியலூருக்கு பஸ் ஏறினாள். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்துபோய்ச் சேர்ந்த பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, அடுத்த முறை இதே ரோட்டில் முடியைக் காற்றில் பறக்கவிட்டுக்கொண்டு வருவோம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அது சின்னப்பிள்ளைத்தனமான நினைப்பு என்று தெரிந்தும் அதை அவள் விரட்டவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. இத்தனை வருஷம் நாற்காலிக்குப் பின்னால் நின்றவளுக்கு முன்னால் உட்கார வரவில்லை.

"டெஸ்டுக்கு மூணு எடத்துல முடி எடுடி. முன்னால ஒண்ணு, உச்சியில ஒண்ணு, பிடரியில ஒண்ணு."

"எல்லாம் ஒரே தலைதானே," என்று கீதாஞ்சலி காதோரத்தில் ஒரே ஒரு கற்றையை எடுத்து, முடியை நேராக்கும் க்ரீமைத் தடவினாள். அது கொஞ்ச நேரத்தில் தளர்ந்து நீண்டுகொண்டது. "பாரு, எவ்வளவு அழகா வருது!"

"காதோரம் மெல்லிசு. அங்க வரும். பிடரி அப்படி இல்ல."

"பரி, நீ கஸ்டமரா வந்திருக்க. கஸ்டமர் மாதிரி உக்காரு."

கீதாஞ்சலி நெற்றியிலிருந்து க்ரீமைப் போட ஆரம்பித்தாள். பரிமளாவுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"முன்னாலேருந்து ஆரம்பிக்காதடி. முன்முடி சீக்கிரம் வெந்துரும். முரட்டு முடிக்குத்தான் நேரம் வேணும். பிடரியில ஆரம்பிச்சு மேல வா."

"நான் இந்த வருஷம் எத்தனை தலைக்குப் போட்டிருக்கேன் தெரியுமா?"

"அதெல்லாம் இந்த மாதிரி முடியா?"

கீதாஞ்சலி அடுத்த கற்றையைப் பிரித்தாள். கை வேகமாகப் போனது. கற்றைகள் விரல் பருமனுக்கு இருந்தன. க்ரீம் மேலாக மட்டும் படிந்து உள்முடி வறண்டே கிடப்பதைப் பரிமளாவால் பார்க்க முடியவில்லை, ஆனால் தலையால் உணர முடிந்தது. ஈரம் பட்ட இடம் குளிர்ந்தது. படாத இடம் குளிரவில்லை. பாதி வேலையில் புருவம் எடுக்க ஒரு பெண் வந்து நின்றாள். "ரெண்டே நிமிஷம்டி" என்று கீதாஞ்சலி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அங்கே போய்விட்டாள். பரிமளா கண் எரிய, மூக்கு எரிய, நெற்றியோரம் சுரீரென்று இழுக்க, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எழுந்து தானே அலசிவிடலாமா என்று தோன்றியது. எழவில்லை. தோழியின் கடையில், வேறொரு கஸ்டமர் முன்னால், அப்படிச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தை நினைத்து நினைத்து அவள் பின்னால் பல நாள் பல்லைக் கடித்தாள்.

அலசி, காயவைத்து, அயர்ன் போட்டு முடித்தபோது முடி நேராகத்தான் இருந்தது. அயர்ன் போட்டால் எந்த முடியும் நேராகத்தான் இருக்கும். மூன்று நாள் கழித்துத் தலைக்குக் குளித்ததும் உண்மை வெளிவந்தது. முன்பக்கம் சத்தே இல்லாமல் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. உச்சியில் அலை அலையாக நின்றது. பிடரியில் அத்தனையும் பழையபடி சுருண்டு, எதுவுமே நடக்காதது போல இருந்தது.

மற்றவர்களுக்கு இதை விளக்கவும் முடியாது. "முன்ன இருந்ததுக்கு இது பரவால்லதானே?" என்றான் செந்தில்குமார். பரவாயில்லை என்ற சொல்லே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. முன்பு ஒரே மாதிரியாவது இருந்தது. இப்போது ஒரு தலையில் மூன்று பேருடைய முடி.

கீதாஞ்சலியிடம் கேட்டதற்கு, "இன்னொரு தடவை போட்டா சரியாயிரும், வா" என்றாள். பரிமளா போகவில்லை. ரோஷத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவைச் சாத்திக்கொண்டு, முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்துத் தானே பிடரிக்குப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் வலது இடதாகத் தெரிந்தது. கை ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் போனது. தோள் கடுத்தது. க்ரீம் கழுத்தில் வழிந்தது, காதுமடலுக்குப் பின்னால் தோல் சிவந்து எரிந்தது. அலசிப் பார்த்தால் பிடரியின் வலது பாதி நீண்டிருந்தது. இடது பாதி அசையவில்லை.

சீப்பைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். அது உடையக்கூட இல்லை.

அந்தக் கோபத்தில் கீதாஞ்சலிக்குப் போன் போட்டுத் திட்டினாள். "நீ தனியா போட்டுக்கிட்டதுக்கும் நானா பொறுப்பு?" என்று அவளும் விடவில்லை. படிக்கிற காலத்துச் சண்டையெல்லாம் கிளறி எடுத்தார்கள். அதற்கப்புறம் பேச்சு நின்றது. பரிமளா கொண்டையைப் போட்டு, அதன்மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தாள். சித்திரை வெயிலில் துப்பட்டாவுக்குள் தலை புழுங்கியது. "என்னக்கா, சளியா?" என்று கேட்டவர்களுக்கு ஆமா என்று சொல்லி வைத்தாள்.

சில வாரம் கழித்துக் கீதாஞ்சலியின் பெயர் போனில் வந்தது. பரிமளா எடுத்துக் காதில் வைத்தாள்.

"பரி, வையாதடி. ஒரு பொண்ணு. ஜெயங்கொண்டம் பக்கம். கல்யாணம் பக்கத்துல வந்துருச்சு. ஒன் முடி மாதிரியே முடி. போட்டுவிட்டேன். இப்ப தலைக்குக் குளிச்சுட்டு வந்து நிக்குது. அவங்க அப்பா கடையில உக்காந்துக்கிட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்கிறார். நீ கொஞ்சம் வந்தா…"

பரிமளா லைனைத் துண்டித்தாள். நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே கூப்பிட்டாள்.

"முன்னாலேருந்து ஆரம்பிச்சியா?"

"ஆமா," என்றாள் கீதாஞ்சலி.

"இன்னைக்குத் தொடாத. நாளைக்கு வரச் சொல்லு. நான் வரேன்."

மறுநாள் அவள் போய்ச் சேர்ந்தபோது, பார்லர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் பெண்ணின் அப்பா உத்திராபதி. முந்திரித்தோப்பும் நிலமுமாக இருக்கிற மனிதர். வெள்ளை வேட்டி சட்டையில் விறைப்பாக இருந்தார்.

"நீதான் பெரம்பலூர்லேருந்து வரதா?"

"ஆமாங்கய்யா."

"முடிய நேராக்கச் சொன்னா, பாதி நேரு, பாதி கோணலு. ரோடு போடறவன்கூட இதுக்கு மேல நல்லா போடுவான். பொண்ணு நேத்துலேருந்து சாப்பிடல."

"பாத்துட்டுச் சொல்றேங்கய்யா."

உள்ளே பூவிழி கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். பரிமளா நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, அவள் முடியைப் பிரித்துப் பார்த்தாள். முன்னால் துவண்டு கிடந்தது. உச்சியில் அலை. பிடரியில் இறுகிய சுருள். தன் தலையையே யாரோ கழற்றி எதிரே வைத்தது போல இருந்தது.

குனிந்ததில் துப்பட்டா நழுவியது. பூவிழி கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"அக்கா, ஒங்களுக்கும் இதே மாதிரி…"

"ஆமாம்மா. இதே அக்காதான் பண்ணுனா."

கீதாஞ்சலி துவைத்து மடித்திருந்த துண்டுகளை மறுபடியும் எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்காகவாம்மா?"

"அப்பா அப்படி நெனச்சுக்கிட்டிருக்காரு. அதுக்கில்லக்கா. காலைல ஆபீஸ் கெளம்பறப்ப தினமும் சீப்போட மல்லுக்கட்டி அலுத்துப்போச்சு. ஒரு நாளாவது முடிக்குள்ள கையை விட்டா சிக்காம போகணும்."

பரிமளா மூன்று இடத்தில் கற்றை எடுத்து டெஸ்ட் போட்டாள். பிடரி முடி மெதுவாகத்தான் தளர்ந்தது, ஆனால் உறுதியாக இருந்தது. முன்முடியைத் தொடவே கூடாது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. உச்சிக் கற்றையை நனைத்து இழுத்தபோது அது ரப்பர் போல நீண்டு, திரும்பிச் சுருங்காமல் அப்படியே தொங்கியது. ஏற்கெனவே பாதி வெந்த முடி. இன்னொரு முறை க்ரீம் பட்டால் கையோடு வந்துவிடும்.

வாசலுக்குப் போய் உத்திராபதியிடம் சொன்னாள். "பின்பக்கம் சரி பண்ணலாங்கய்யா. நடு உச்சியில கொஞ்சம் அலை இருக்கும். அதுல கை வெக்க மாட்டேன்."

"அப்ப முழுசா வராதா?"

"வராதுங்க. முழுசா வரும்னு சொல்லி மறுபடி ஏமாத்தச் சொல்றீங்களா?"

அவர் அவளையும் அவள் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னமோ செய்யுங்க," என்றார்.

கதவைச் சாத்தினார்கள். முன்முடிக்கும் உச்சிக்கும் கண்டிஷனரைக் கெட்டியாகத் தடவி, ஃபாயில் சுற்றி, க்ரீம் அண்டாமல் ஒதுக்கி வைத்தார்கள். கழுத்திலும் காதோரத்திலும் வாஸ்லைன். பிடரியை நடுவில் வகிடு எடுத்து வலதைப் பரிமளா எடுத்துக்கொண்டாள், இடதைக் கீதாஞ்சலி. ஒருத்தியே இரண்டு பக்கமும் போட்டால் முதல் பக்கம் வெந்து முடிவதற்குள் இரண்டாவது பக்கத்துக்குப் போக முடியாது. இந்த முடிக்கு இரண்டு பேர் வேண்டும். அதைத் தன் தலையில்தான் பரிமளா தெரிந்துகொண்டிருந்தாள். தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் மறுபடி எரிச்சல் வந்தது.

"இவ்வளவு தடியா எடுக்காத. சீப்புப் பல்லு அந்தப் பக்கம் தெரியணும்."

கீதாஞ்சலி கற்றையைப் பிரித்தாள்.

"இன்னும் மெல்லிசா."

"தெரியுதுடி."

"தெரிஞ்சா பிரி."

கீதாஞ்சலியின் முகம் சிவந்தது. ஆனாலும் பிரித்தாள். அவள் இவ்வளவு மெதுவாக வேலை செய்து பரிமளா பார்த்ததில்லை. நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் திரும்பவில்லை.

அவ்வப்போது ஒரு முடியின்மேல் இருந்த க்ரீமைச் சீப்பின் முதுகால் வழித்துவிட்டு, அது மறுபடி சுருளுகிறதா என்று பார்த்தார்கள். வலது பக்கம் சுருளவில்லை. பரிமளா எழுந்தாள். "அலசிருவோம். முன்முடி மாதிரி ஆயிரப் போகுது."

"இரு பரி. எடது பக்கம் இன்னும் ஆகலை."

"அதெல்லாம் ஆயிருச்சு. ஒண்ணாத்தானே போட்டோம்?"

"ஒண்ணாத்தான் போட்டோம். ஆனா இந்தப் பக்கம் முடி அதிகம் முரடு. நீயே பாரு."

பரிமளா வெடுக்கென்று ஒரு முடியை வழித்தாள். அது சுருண்டு ஏறியது. இன்னொன்றை வழித்தாள். அதுவும் ஏறியது. தன் தலையிலும் இடது பாதி ஏன் அசையவில்லை என்று அப்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கை எட்டாததாலா, முடியே அப்படியா என்று இனி கண்டுபிடிக்கவும் வழியில்லை.

"சரி. வலதை மட்டும் அலசுவோம்," என்றாள்.

பாதித் தலையை மட்டும் அலசுவது லேசான வேலையில்லை. பூவிழியின் கழுத்தைச் சாய்த்துப் பிடித்து, இடது பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், குவளை குவளையாக ஊற்றினார்கள். இருவரின் சுடிதாரும் நனைந்தது. பிறகு கொஞ்சம் பொறுத்து இடது பக்கம். பிறகு காயவைத்து, மெல்லிய இழைகளாக அயர்ன் போட்டு, நேரான முடி அப்படியே நிலைக்க நியூட்ரலைசர் தடவி, மறுபடி அலசி முடித்தபோது பரிமளாவுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது.

உத்திராபதி உள்ளே வந்து மகளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். "நடுவுல கொஞ்சம் மேடு பள்ளமா இருக்கு," என்றார்.

"அதான் சொன்னேனேங்கய்யா."

"சொன்ன. இல்லேங்கல." அதற்கு மேல் அவர் குறை சொல்லவில்லை.

பூவிழி பிடரிக்குள் விரலை விட்டு இழுத்தாள். விரல் எங்கும் சிக்காமல் நுனி வரைக்கும் போய் வெளியே வந்தது. அவள் நம்பாமல் மறுபடி விட்டாள். அப்புறம் இன்னொரு முறை. சிரித்தாளா, கண் கலங்கினாளா என்று சொல்ல முடியாத ஒரு முகத்தோடு கண்ணாடியைப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்காகச் சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான் அது. பரிமளாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. தன்னையறியாமல் துப்பட்டாவுக்குள் கையை விட்டாள். விரல் உடனே சிக்கிக்கொண்டது.

அப்பாவும் மகளும் பைக்கில் கிளம்பிப் போனதும் அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். துக்கத்தைவிடக் கோபம்தான் அதில் அதிகம்.

"இதைத்தானேடி என் தலையில பண்ணச் சொன்னேன்? இதே மாதிரி, இதே எடத்துலேருந்து ஆரம்பின்னு சொன்னேன் இல்ல? யாரோ ஒருத்தர் வந்து வாசல்ல உக்காந்து கத்துனா கேக்குற. நான் சொன்னா கேக்கமாட்ட."

கீதாஞ்சலி நனைந்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "நீ நாற்காலியில உக்காந்தா எனக்குப் பரீட்சை எழுதற மாதிரி இருக்குடி. நீ ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல எனக்கு வீம்பு ஏறிருச்சு. சீக்கிரம் முடிச்சு, எப்படின்னு காட்டணும்னு இருந்துச்சு."

"நல்லா காட்டுன."

"இப்ப போட்டுவிடட்டுமா? இதே மாதிரி, மெதுவா."

பரிமளா நெற்றியிலிருந்து ஒரு முடியைப் பிரித்து, மேசையிலிருந்த தண்ணீரில் நனைத்து இழுத்துக் காட்டினாள். அது நீண்டது, பிறகு சத்தமில்லாமல் அறுந்தது.

"பாத்தியா? இது ஒழுங்கா வளர எத்தனை மாசம் ஆகுமோ."

கீதாஞ்சலி பிறகு புரோட்டா வாங்கி வந்தாள். இருவரும் அதிகம் பேசாமல் சாப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்த பரிமளா துப்பட்டாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் கீதாஞ்சலி போட்டோக்கள் அனுப்பினாள். முதல் போட்டோவில் முகூர்த்தம். பூவிழியின் தலையில் சவுரி வைத்துப் பின்னிய நீளச் சடை. அதன்மேல் உச்சியிலிருந்து நுனி வரை மல்லிகையும் தாழம்பூவும் தைத்து, ஒரு முடிகூட வெளியே தெரியவில்லை.

பரிமளா உடனே கூப்பிட்டாள். "இதுக்காடி நாம முதுகு ஒடிஞ்சோம்?"

"கீழ பாரு. ரிசப்ஷன் இருக்கு."

ரிசப்ஷன் போட்டோக்களில் முடியை விரித்துவிட்டிருந்தார்கள். எல்லாம் முன்னாலிருந்தே எடுத்தவை. கடைசியில் ஒன்றில் மட்டும் பூவிழி யாரையோ கூப்பிடத் திரும்பியிருந்தாள். பிடரியிலிருந்து முதுகு வரை முடி ஒரே சீராக இறங்கியிருந்தது. பரிமளா அதைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நடு உச்சியில் அந்த அலை தெரிந்தது.

"தெரியுது," என்றாள்.

"யாருக்குடி தெரியும்? கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேர்ல ஒருத்தர் சொல்லலை. அந்த அப்பாவே நல்லா இருக்குன்னுட்டாரு."

"எனக்குத் தெரியுது."

கீதாஞ்சலி பெருமூச்சு விட்டாள். "சரி, தெரியட்டும். செவ்வாக்கிழமை எனக்கு லீவு. பெரம்பலூர் வரட்டுமா?"

பரிமளா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நெற்றியில் துருத்தி நின்ற அறுந்த முடிகளை விரலால் அமுக்கிப் பார்த்தாள். அவை அமுங்கவில்லை.

"வா. ஒடிஞ்சதெல்லாம் வெட்டிவிடு, நல்லா எண்ணெய் வெச்சு அலசிவிடு. அது போதும். க்ரீம் டப்பாவ மட்டும் கொண்டு வந்த, படியேற விடமாட்டேன்."